ஸ்பீக்கருக்குப் பக்கத்தில்

பிப்ரவரி 11

அக்காவுக்கு,

கவர் மேல என் கையெழுத்தைப் பார்த்ததும் அம்மாவுக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு பயந்திருப்ப. அம்மா நல்லா இருக்காங்க. மூட்டு வலி மட்டும் இருக்கு. இது என்னைப் பத்தின விஷயம்.

என்னால இனி போன்ல பேச முடியாது. இடது காது போனது உனக்குத் தெரியும். வலது காதும் மூணு வருஷமா இறங்கிட்டே வந்தது, இந்த வருஷம் பிறந்ததுல இருந்து சுத்தமா படுத்துடுச்சு. வீட்டில எல்லாரும் ஸ்லேட்டில எழுதிக் காட்டுறாங்க. உன் தம்பி பொண்டாட்டி எழுத்திலயே என்னைத் திட்டப் பழகிட்டா. கோபம் அதிகமானா அடிக்கோடு போடுறா.

வேலைக்கு ஆபத்து இல்லை. அதே பாட்டில் ஆலைதான். வெள்ளை வெளிச்சத் திரைக்கு முன்னாடி உட்கார்ந்து, வரிசையா ஓடுற பாட்டில்ல கீறல் இருக்கா, குமிழி இருக்கான்னு பார்க்கணும். அதுக்குக் கண்ணு போதும். முன்னெல்லாம் அந்த ஹால்ல பக்கத்துல நிக்கிறவர் கத்தினாத்தான் கேட்கும். இப்ப பாட்டிலெல்லாம் பஞ்சு மேல போற மாதிரி போகுது.

ஏப்ரல்ல ஆபரேஷன். வலது காதுக்குள்ள ஒரு கருவி வைக்கப் போறாங்க. பாட்டு கேட்குமான்னு டாக்டரம்மாகிட்ட கேட்டேன். அவங்க எழுதினாங்க: "பேச்சு பழகிடும். பாட்டு பழைய மாதிரி இருக்காது."

அன்னையில இருந்து மனசுக்குள்ள எந்தெந்தப் பாட்டு மிச்சம் இருக்குன்னு தேடிப் பார்த்துட்டிருக்கேன். நிறைய இருக்கு. ஆனா நான் தேடுறது கிடைக்கலை. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னாடி நீ என்னைக் கூட்டிட்டுப் போனியே, அந்த ஜாம் பேண்ட் கச்சேரி, மேடையிலயே இட்டுக்கட்டி வாசிப்பாங்களே. அதுல ஒரே பாட்டை முக்கால் மணி நேரம் வாசிச்சாங்க. ஆரம்பம் ஞாபகம் இருக்கு. அப்புறம் வெறும் வெளிச்சம்தான் இருக்கு, சத்தம் இல்லை.

அவங்க வாசிப்பு உனக்கு உள்ளங்கை ரேகை மாதிரி. உனக்கு என்ன ஞாபகம் இருக்கோ எழுதி அனுப்பு. கோபம் இருந்தா அதையும் எழுது. ஆனா பாட்டை விட்டுடாதே.

தம்பி


மார்ச் 2

தம்பிக்கு,

உன் லெட்டர் வந்து ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு. கார்ல, முன் கண்ணாடிக்குக் கீழ கெடந்துச்சு. வண்டி ஓட்டப் பழக வர்ற ஒரு வங்கிக்காரம்மா "உங்களுக்கு யாரு மேடம் லெட்டர் எல்லாம் போடுறாங்க?"ன்னு கேட்டுச்சு. "ரோட்டப் பாருங்க"ன்னேன். அடுத்த நிமிஷம் அது ஒரு தள்ளுவண்டி மேல ஏத்தப் பாத்துச்சு. என் பக்கம் ஒரு பிரேக் இருக்கிறதால நாங்க மூணு பேரும் உயிரோட இருக்கோம், தள்ளுவண்டிக்காரரையும் சேத்து.

உனக்குத் தைரியம் ஜாஸ்தி. நம்ம வீட்டுல எனக்கு என்ன பேருன்னு மறந்துட்டியா? காதைக் கெடுத்தவ. அப்பா காரியத்துக்கு வந்தப்ப வாசல்ல செருப்பைக் கூட கழட்டல, அத்தை எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னாங்க, "வந்துட்டா பாரு, தம்பி காதைக் கெடுத்தவ." அவகிட்ட போயி அந்தப் பாட்டைப் பத்தி எழுதச் சொல்ற.

சரி, எழுதுறேன். உனக்காக எழுதுறேனா எனக்காகவான்னு தெரியல.

ஊருக்கு வெளிய ஒரு விளையாட்டுத் திடல். மத்தியானம் மூணு மணி. வெயில் இருந்துச்சு, ஆனா ஒரு ஓரமா மேகம் சேந்துட்டு இருந்துச்சு. நான் வேலைக்குச் சேந்து முதல் சம்பளத்துல வாங்குன டிக்கெட். நீ வரமாட்டேன்னு அடம் புடிச்ச. "ஆரம்பமும் இல்லாம முடிவும் இல்லாம ஒரே பாட்டை இழுத்துக்கிட்டே இருப்பாங்க, அதுக்கு எதுக்கு இவ்ளோ தூரம்?"ன்ன. "எங்க போவாங்கன்னு அவங்களுக்கே தெரியாதுடா, அதைப் பாக்கத்தான் போறோம்"னு நான் இழுத்துட்டுப் போனேன்.

கேட்டுக்கு வெளிய வரிசையில நின்னோம். நான் ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டு வந்து உனக்குப் பக்கத்துல நின்னு "டேய், இந்தா புடி"ன்னு மூணு தடவ கூப்பிட்டேன். நீ பாட்டுக்கு மேடையையே பாத்துட்டு நின்ன. அப்ப அங்க ஒயர் இழுக்குறவங்க மட்டும்தான் இருந்தாங்க. கடைசியில தோள்ல குத்தினப்புறம்தான் திரும்பின. பாட்டு ஆரம்பிக்கல, அதுக்குள்ள பைத்தியம் புடிச்சிருச்சுன்னு சிரிச்சேன்.

உள்ள போனதும் நான்தான் உன்னை ஸ்பீக்கர் பக்கத்துல கூட்டிட்டுப் போனேன். அங்க நின்னாத்தான் பேஸ் கிதார் நெஞ்சுல அடிக்கும்னு சொன்னேன். நமக்கு முன்னாடி ஒருத்தி கைக்குழந்தையோட ஆடிட்டு இருந்தா. குழந்தை காதுல அதோட தலையைவிடப் பெருசா ரெண்டு மூடி மாட்டியிருந்தா. அந்த அறிவு எனக்கு இல்ல பாரு.

நாலாவதா வந்துச்சு நீ கேக்குற பாட்டு. ரெண்டு கிதார், ஒரு பேஸ், ஒரு ஆர்கன், ரெண்டு டிரம்ஸ். ஆரம்பத்துல சும்மா நடந்து போற மாதிரி, அவசரமே இல்லாம போச்சு. பாடுறவர் ரெண்டு அடி பாடிட்டு மைக்கை விட்டுத் தள்ளிப் போயிட்டார். அப்புறம் யாரும் பாடல. முதல் கிதார் மெதுவா வழியை விட்டு விலகிச்சு. ரெண்டாவது கிதார் அதைத் தேடிப் போற மாதிரி போச்சு. பத்து நிமிஷத்துல அது வேற பாட்டு ஆயிடுச்சு. டிரம்ஸ் ரெண்டுல ஒண்ணு நின்னுச்சு, கொஞ்சம் கழிச்சு இன்னொண்ணும். கிதாரும் ஓஞ்சுச்சு. பேஸ்காரர் மட்டும் செருப்பு இல்லாம, நமக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, ஒரே நாலு சுரத்தைத் திரும்பத் திரும்ப வாசிச்சுட்டு இருந்தார். அப்பத்தான் தூறல் போட்டுச்சு. அத்தனை ஆயிரம் பேருல ஒருத்தர் நகரல. பேசக்கூட இல்ல.

அந்தக் குண்டு ஆர்கன்காரர் துண்டால முகத்தைத் துடைச்சுட்டு ஒரே ஒரு கட்டையை அழுத்தினார். கையை எடுக்கவே இல்ல. அந்த ஒத்தை சுரம் மேல ஒவ்வொருத்தரா திரும்பி வந்து சேந்தாங்க. வந்து பாத்தா, அன்னிக்கு முதல்ல வாசிச்ச பாட்டோட மெட்டு இதுக்குள்ள இருந்து எழும்பி வருது. கூட்டம் கத்துச்சு பாரு. நான் உன் கையைப் புடிச்சு நசுக்கிட்டேன். நீ அழுதுட்டு இருந்த. மழைன்னு சொன்ன. என் வாட்ச்ல நாப்பத்திமூணு நிமிஷம்.

இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

மூணு வாரம் கழிச்சு ரயில் ஓட்டுநர் வேலைக்கு உனக்கு மெடிக்கல் நடந்துச்சு. இடது காது சுத்தமா கேக்கலன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. முப்பது வருஷம் டிக்கெட் கவுன்ட்டர் கம்பிக்குப் பின்னாடி உட்கார்ந்த அப்பா, மகன் இன்ஜின்ல ஏறுவான்னு தெருவெல்லாம் சொல்லி வெச்சிருந்தார். அதுக்கப்புறம் என்கிட்ட ஒரு வார்த்தை பேசாம ரெண்டு வருஷத்துல போயிட்டார்.

நான் அதை ஒரு நாளும் மறுத்ததில்ல. ஸ்பீக்கர் பக்கத்துல உன்னை நிறுத்தினது நான்தான். ஆனா உன்கிட்ட நேரா சொன்னதும் இல்ல. இப்பச் சொல்றேன். என்னை மன்னிச்சிடுடா.

அக்கா


மார்ச் 9

அக்கா,

உன் கடிதத்தை நாலு தடவை படிச்சேன். பாட்டு திரும்பக் கிடைச்சது. கூடவே உன் கடிதத்தோட கடைசி வரியும் கிடைச்சது. மூணு நாளா வேலையில கீறல் விழுந்த பாட்டிலை எல்லாம் கவனிக்காம விட்டுட்டு உட்கார்ந்திருந்தேன்.

நீ மன்னிப்புக் கேட்கக் கூடாது.

வரிசையில நீ மூணு தடவை கூப்பிட்டது எனக்குக் கேட்கலை. நீ என் இடது பக்கம் நின்ன. அப்ப மேடையில ஒரு கம்பி கூட அதிரலை. அந்தக் காது அதுக்கு ஏழு மாசம் முன்னாடியே போயிடுச்சு.

உனக்கு ஞாபகம் இருக்குமான்னு தெரியலை, அந்த வருஷ ஆரம்பத்தில எனக்கு ஒரு வாரம் காய்ச்சல். நீ அப்ப ஹாஸ்டல்ல இருந்த. காய்ச்சல் விட்ட அன்னைக்குக் காலையில எழுந்தேன், இடது பக்கம் ஒண்ணுமே இல்லை. சுவர் மாதிரி இருந்தது. ஆலை டாக்டர்கிட்ட போனேன். "பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போங்க, பத்துப் பதினஞ்சு நாளுக்குள்ள மருந்து போட்டாத் திரும்பலாம்"னு சொன்னார். நான் போகலை. ரயில்வே எழுத்துத் தேர்வுல பாஸாகி ஒரு மாசம்தான் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரி சீட்டுல காதுன்னு எழுதிட்டா எப்படியாவது ரயில்வேக்குப் போய்ச் சேரும்னு பயந்தேன். தானா திரும்பிடும்னு நினைச்சேன். திரும்பலைன்னா மெடிக்கல்ல எப்படியாவது சமாளிச்சுடலாம்னும் நினைச்சேன். எனக்கு அப்ப இருபத்திரெண்டு வயசு.

ஸ்பீக்கர்கிட்ட நிக்கலாம்னு நீ சொன்னப்ப நான் ஏன் மறுக்கலைன்னு நீ யோசிச்சதே இல்லையா? அந்தச் சத்தத்தில செத்த காது முழிச்சுக்கும்னு எனக்கு ஒரு பைத்தியக்கார ஆசை. முழிக்கலை. ஆனா அந்த நாலு சுரம் இடது பக்கம் தாடை எலும்பு வழியா உள்ளே வந்தது. அதுக்குத்தான் அழுதேன்.

மெடிக்கல் முடிஞ்சு வீட்டுக்கு வந்தப்ப அப்பா கதவுகிட்டயே நின்னார். "எப்படிடா கேட்காமப் போகும்? நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்த?"ன்னார். நான் பையைக் கீழ வெச்சேன். அவரே கேட்டார், "அவ கூட்டிட்டுப் போனாளே, அந்தக் கூத்தா?" நான் "ஆமா"ன்னேன்.

ஒரு வார்த்தைதான். மறுநாள் திருத்திடலாம்னு நினைச்சேன். மறுநாள் நீ அழுது முகம் வீங்கி வந்து என் பக்கத்தில உட்கார்ந்த. அப்ப சொல்லியிருக்கணும். அதுக்கப்புறம் ஒவ்வொரு நாளும் அது கனமாகிட்டே போச்சு. நீ வேற ஊருக்குப் போனதும், உண்மையைச் சொல்றேன், எனக்கு நிம்மதியா இருந்தது.

தம்பி


மார்ச் 27

லெட்டர் வந்துச்சு.

அன்னிக்கு மூணு பேருக்குக் கிளாஸ் இருந்துச்சு. ரெண்டாவது ஆளு ஒழுங்காத்தான் ஓட்டிட்டு இருந்தான். நடு ரோட்டுல நான் சும்மா பிரேக்கைப் போட்டுட்டேன். பின்னாடி வந்தவன் இடிக்காதது அவன் புண்ணியம். மிச்ச கிளாஸைத் தள்ளி வெச்சுட்டு வந்துட்டேன்.

கத்தணும்போல இருக்கு. யாருக்குக் கத்துறது? உனக்குத்தான் கேக்காதே.

ரெண்டு கேள்வி. அப்பா சாகுறதுக்கு முன்னாடி உனக்குச் சொல்ல ஒரு சந்தர்ப்பம் கூடவா கெடைக்கல? அத்தை வாசல்ல என்னை அப்படிச் சொன்னப்ப நீ எங்க நின்னுட்டு இருந்த?

ஒரு வேலை இருக்கு. அம்மாகிட்ட சொல்லு. அத்தைகிட்டயும் சொல்லு. எழுதிக் காட்டாத. வாயால சொல்லு. சொல்லிட்டு எழுது. இல்லன்னா எழுதாத.


ஏப்ரல் 14

அக்கா,

சொல்லிட்டேன்.

முதல்ல உன் கேள்விக்குப் பதில். அப்பா கடைசியா படுக்கையில இருந்தப்ப ஒரு தடவை கேட்டார், "அவளை வரச் சொல்லட்டுமாடா?"ன்னு. அது என் வலது பக்கம்தான், தெளிவாக் கேட்டது. நான் "உங்க இஷ்டம்"னேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். அப்புறம் கேட்கவே இல்லை. அத்தை வாசல்ல பேசினப்ப நான் உள்ளே நாற்காலி எடுத்துப் போட்டுட்டு இருந்தேன். அதுவும் கேட்டது. நாற்காலியைப் போட்டுட்டே இருந்தேன்.

ஞாயித்துக்கிழமை காலையில அத்தையை வீட்டுக்குக் கூப்பிட்டேன். அம்மா, அத்தை, என் பொண்டாட்டி இவ, மூணு பேரையும் உட்கார வெச்சுச் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்காததால கத்தினேனா முணுமுணுத்தேனான்னு தெரியலை. பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்துச்சு, அதனால கத்தியிருப்பேன்னு நினைக்கிறேன்.

அம்மா நடுவில எழுந்து சமையலறைக்குப் போயிட்டாங்க. திரும்பி வந்தப்ப முகம் கழுவியிருந்தாங்க. ஸ்லேட்டை வாங்கி, "ரெண்டு வருஷம். அவரு ஒவ்வொரு பண்டிகைக்கும் அவ தட்டை எடுத்து வெச்சுட்டுத் திரும்ப உள்ள வெப்பாரு"ன்னு எழுதினாங்க. அழிக்காம அப்படியே என் மடியில வெச்சுட்டுப் போய்ப் படுத்துட்டாங்க. அப்புறம் ரெண்டு நாளா சாப்பாடு போடுறாங்க, முகத்தைப் பார்க்கிறது இல்லை.

அத்தை அஞ்சு நிமிஷம் விடாமப் பேசினாங்க. என்ன சொல்றாங்கன்னு எழுதச் சொல்லி இவகிட்ட ஸ்லேட்டை நீட்டினேன். இவ வாங்கலை. கடைசியில, "நல்ல வார்த்தை ஒண்ணும் இல்லை, உனக்கு லாபம்தான்"னு எழுதினா. போகும்போது அத்தை உன் நம்பரை வாங்கிட்டுப் போனாங்க. பேசினாங்களான்னு எனக்குத் தெரியாது.

ஆபரேஷன் இருபத்திரெண்டாம் தேதி. ஒரு மாசம் புண் ஆறினப்புறம், மே இருபதாம் தேதி கருவிக்கு உயிர் கொடுப்பாங்க. உன்னை வரச் சொல்லிக் கேட்கலை. கேட்கிற இடத்தில நான் இல்லை. தேதியை மட்டும் எழுதுறேன்.

தம்பி


ஜூன் 3

அக்கா,

நீ வருவேன்னு நான் நினைக்கவே இல்லை. ஆஸ்பத்திரி அறையில அம்மா பக்கத்தில உன்னைப் பார்த்ததும், நரைச்சுப்போன யாரோன்னுதான் முதல்ல தோணிச்சு. அம்மா உன் முந்தானையைப் பிடிச்சுட்டே இருந்தாங்க, நீ எங்கேயாவது ஓடிடுவேங்கிற மாதிரி.

கருவியை ஆன் பண்ணினதும், அதைச் சரிபார்க்கிற ஆஸ்பத்திரிப் பொண்ணு கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு அளவா ஏத்திட்டு, "யாராவது பேசுங்க"ன்னு கை காட்டினா. இவ அம்மாவைப் பார்த்தா, அம்மா உன்னைப் பார்த்தாங்க. நீ நாற்காலியை இழுத்து எனக்கு எதிர்ல போட்டு உட்கார்ந்து பேச ஆரம்பிச்ச. சுவர்க் கடிகாரத்தில பார்த்தேன், கிட்டத்தட்ட பத்து நிமிஷம். இவ கண்ணைத் துடைச்சா. அந்தக் கம்ப்யூட்டர் பொண்ணு கூடத் தலையைக் குனிஞ்சுக்கிட்டா. நான் தலையாட்டினேன். ரெண்டு இடத்தில "புரியுது அக்கா"ன்னு கூடச் சொன்னேன்.

எனக்கு ஒரு வார்த்தை கூடப் புரியலை.

கீச்சு கீச்சுன்னு ஏதோ வந்தது. ஒரு தகரத்தை யாரோ ஆணியால வேகமா, அப்புறம் மெதுவாக் கீறுற மாதிரி. உன் வாய் அசையும்போது வருது, நின்னா நிக்குது, அது மட்டும் தெரிஞ்சது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். ஆனா அத்தனை தூரம் வந்து, அத்தனை பேர் முன்னாடி நீ சொல்லிட்டிருக்கும்போது நிறுத்த மனசு வரலை. சாயங்காலம் நீ பஸ் ஏறிட்ட.

நீ என்ன சொன்னன்னு இவகிட்ட கேட்டேன். "அது அவங்க உனக்குச் சொன்னது, நான் எழுத மாட்டேன்"னு எழுதிட்டா. அம்மாவும் அதையேதான் சொல்றாங்க.

ரெண்டு வாரமா இதைச் சொல்லலாமா வேண்டாமான்னு யோசிச்சேன். நீ சொல்லி முடிச்சாச்சு, நான் கேட்டுட்டேன்னு நீ நினைச்சுட்டு இருந்தா, அது உனக்கு நிம்மதியா இருக்குமேன்னு ஒரு நினைப்பு. அந்த நினைப்பு எங்கே கொண்டுபோய் விடும்னு எனக்குத் தெரியும். அதனால எழுதிட்டேன்.

இப்ப கொஞ்சம் பரவாயில்லை. அம்மா என் பேரைச் சொன்னாத் தெரியுது. குழாயில தண்ணி விழுறது தெரியுது. பாட்டு வெச்சுப் பார்த்தேன், பாத்திரக் கடையில ஆள் விழுந்த மாதிரி இருந்தது, நிறுத்திட்டேன்.

அன்னைக்கு நீ என்ன சொன்னன்னு எழுதி அனுப்புவியா?

தம்பி


ஜூன் 12

தம்பிக்கு,

உனக்குப் புரியலன்னு எனக்கு அப்பவே தெரியும்.

தினமும் அஞ்சு பேருக்கு வண்டி ஓட்டக் கத்துக் குடுக்குறவ நான். "கிளட்ச்சை மெதுவா விடுங்க, புரியுதா?"ன்னு கேட்டா, புரியாமலே தலையாட்டுற மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? நீ "புரியுது அக்கா"ன்னு சொன்ன ரெண்டு இடத்துலயும் நான் ஒண்ணும் கேக்கவே இல்ல. மூச்சு விட்டுட்டு இருந்தேன்.

தெரிஞ்சுதான் பேசினேன். முதல் நாளு வெறும் சத்தம்தான் கேக்கும்னு அந்தப் பொண்ணு வெளியவே சொல்லிட்டா. அது தெரிஞ்சப்புறம்தான் எனக்கு வாயே வந்துச்சு. அதெல்லாம் உனக்குப் புரியும்னா நான் பாதிகூடப் பேசியிருக்க மாட்டேன். அம்மா கேக்கணும், நான் ஒரு தடவ வெளிய சொல்லிடணும். நீ கேக்குற முறை அன்னிக்கு இல்ல.

அத்தை போன் பண்ணாங்க. மன்னிப்பு எல்லாம் கேக்கல. மூட்டு வலிக்கு எண்ணெய் அனுப்பட்டுமான்னு கேட்டாங்க. எனக்கு மூட்டு வலியே இல்ல. சரி, அனுப்புங்கன்னுட்டேன்.

உன்னை மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காத. நான் ஆஸ்பத்திரிக்கு வந்ததை அப்படி எடுத்துக்காத. அப்பா விஷயத்துல என்னால முடியுமான்னே தெரியல. அம்மா சொன்ன அந்தத் தட்டு தினமும் கண்ணுல நிக்குது. ஆனா ஒண்ணு, போன தடவ உண்மையைச் சொல்ல உனக்குப் பத்தொம்பது வருஷம் ஆச்சு. இந்தத் தடவ ரெண்டு வாரம்.

எழுதி அனுப்ப மாட்டேன். எழுதினா நல்லா இருக்கணும்னு பாத்துப் பாத்து எழுதுவேன், பாதி பொய்யாயிடும். ஆகஸ்ட்ல நாலு நாள் கிளாஸ் இல்ல. வரேன். அதுக்குள்ள அந்தக் காதைப் பழக்கி வை. தினமும் அம்மாவைப் பேச விடு, அவங்களுக்கு அது ஒண்ணும் கஷ்டம் இல்ல.

அதே பத்து நிமிஷத்தைத் திரும்பச் சொல்றேன். ஒரு வார்த்தை குறைக்க மாட்டேன். பாதி திட்டு. மீதி என்னன்னு நீயே கேட்டுத் தெரிஞ்சுக்கோ.

அக்கா